தொட்டியில் தக்காளியும் பேரேட்டில் நஷ்டமும்

நமது சங்கத்து அங்கத்தினருள் தறியில் அமர்வோரும் உளர். ஏர் பிடிப்போரும் உளர். இவ்விரு சாராரையும் ஒருங்கே பற்றிக்கொள்ளும் ஆசை ஒன்றுண்டு. அதுதான் வீட்டுத் தக்காளி. ஏக்கர் கணக்கில் மஞ்சள் விளைவிக்கும் நாமகிரிப்பேட்டை விவசாயியும், கொல்லையில் நான்கு தக்காளிச் செடிகள் வைத்துவிட்டால், புதையல் காக்கும் பூதம்போல் அவற்றையே சுற்றி வருகிறார்.

செடியின்மீது அன்பு மிகுந்தவர்க்கே காய் குறைகிறது என்பதுதான் வேடிக்கை. எருவும் யூரியாவும் அள்ளி அள்ளி இட்டால், தழைச்சத்து மிகுந்து செடி புதராய் மண்டும். பூ மட்டும் வராது. வந்த பூவும் வெயில் 35 பாகையைத் தாண்டினால் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். ஒருநாள் வெள்ளம், மூன்று நாள் பட்டினி என்று நீர் ஊற்றினாலோ, சுண்ணாம்புச்சத்து காய்க்குச் சீராகச் சென்று சேராமல் அதன் அடிப்புறம் கறுத்து அழுகும். வெள்ளை ஈயோ இலைச்சுருள் நோயைக் கொண்டுவரும். இத்தனைக்கும் தப்பிச் சிவந்த முதற்பழத்தை, விடியுமுன் அணிற்பிள்ளை வந்து தணிக்கை செய்துவிடும். பாதி கடித்து வைத்துவிட்டுப் போகும் மிச்சமே அதன் தணிக்கைக் குறிப்பு!

தக்காளி காயா, பழமா என்ற வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்றது. சுங்கவரி விதிப்பைப் பொறுத்தமட்டில் அது காய்கறியே என்று 1893-இல் தீர்ப்பாயிற்று. நம் அங்கத்தினர் சிலர் வீட்டில் அது காயுமன்று, பழமுமன்று, வெறும் இலையே.

கணக்குப் பார்ப்பதே தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். தொட்டி, மண், விதை, மருந்து, ஊன்றுகோல் ஆகியவற்றின் விலையோடு, நீர் ஊற்றிய பொழுதுக்குக் கூலியும் சேர்த்துப் பேரேட்டில் எழுதிப் பாருங்கள். ஒரு பழத்தின் அடக்கவிலை கண்டு வீட்டம்மாள் ரசம் வைக்கவே அஞ்சுவார். போதாக்குறைக்கு, நம் செடி காய்க்கும்போதுதான் ஊர்ச்செடியெல்லாம் காய்க்கும். அண்டை வீட்டாருக்கு ஒரு கிண்ணம் கொடுக்கப் புறப்பட்டால், அவரும் ஒரு கிண்ணத்தோடு எதிரே வருவார்.

ஆயின் வளர்க்க வேண்டாமா? அவசியம் வளர்க்க வேண்டும் என்பதே என் அபிப்பிராயம். இரு கிண்ணங்கள் எதிரெதிரே வரும் அந்தச் சங்கடமே, தக்காளி விவசாயிக்குப் பெரிய அளவில் நேரும் துன்பம். 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது, தமிழக அரசு கூட்டுறவுக் கடைகள் வாயிலாக 60 ரூபாய்க்கு விற்றது. விலை வீழும் காலத்திலோ பறிக்கும் கூலிக்குக்கூடக் கட்டாமல் அதே பழம் சாலையோரத்தில் கொட்டப்படுகிறது. மஞ்சளுக்கு இக்கதி இல்லை. வேகவைத்து உலர்த்திய விரலியும் உருண்டையும் கிடங்கில் காத்திருக்கும். அதன்மேல் ஈட்டுக்கடன் பெறலாம். விலை பிடிக்காவிடில் அடுத்த செவ்வாய்க்கிழமை ஏலத்துக்கு நிறுத்திவைக்கலாம். பறித்த தக்காளிக்கு அடுத்த செவ்வாய் என்பது இல்லை.

ஆதலின் சங்கங்கள் இரண்டு காரியங்களைச் செய்யலாம். தக்காளி பயிரிடும் அங்கத்தினர் அனைவரும் ஒரே வாரத்தில் நாற்று நடாமல், முறைவைத்து நடுவதற்கு ஏற்பாடு செய்யலாம். பறித்த பழத்தைத் தரம் பிரித்து, நெசவாளர் குடும்பங்களுக்கும் கூட்டுறவுக் கடைகளுக்கும் நேரே அனுப்பலாம். விலையேற்றத்தில் வாங்குவோரும் விலைவீழ்ச்சியில் விளைவிப்போரும் ஒருங்கே நசுங்காதிருக்க இது ஓரளவேனும் உதவும்.

தொட்டியில் ஒரு பழம் கண்டவர் சந்தையில் கால் ரூபாய்க்கு வாதாட மாட்டார். குழித்தறியில் ஒருநாள் அமர்ந்தவர் சேலை விலையைக் குறைத்துக் கேட்கத் தயங்குவது போன்றதே இதுவும். அங்கத்தினர்கள் இவ்விரு யோசனைகளையும் அடுத்த பொதுக்குழுவில் எடுத்துப் பேசுவார்களாக. அணிலை அங்கத்தினராகச் சேர்ப்பது பற்றி மட்டும் யாரும் தீர்மானம் கொண்டுவர வேண்டாம். பங்குத்தொகை செலுத்தாமலே அது லாப ஈவு பெற்று வருகிறது.