பூட்டு நம்மிடம்... சாவி யாரிடம்?

திண்டுக்கல் பூட்டு வாங்கினால் கூடவே சாவியும் தருவார்கள். தொலைத்தால் அது நம் பாடு. பூட்டை மட்டும் வாடிக்கையாளர் தலையில் கட்டிவிட்டு, சாவியைக் கல்லாப்பெட்டியிலேயே வைத்துக்கொள்ளும் வியாபாரம் எனக்குத் தெரிந்து ஒன்றுதான். செல்போன் வியாபாரம்!

ஒரே கம்பெனியின் சிக்னலில் மட்டும் வேலை செய்கிற மாதிரி பூட்டி விற்கிறார்களே, அந்த போனைச் சொல்கிறேன். இந்த விஷயத்தில் பேச ஓசூர்க்காரனுக்குக் கொஞ்சம் கூடுதல் தகுதி உண்டு. மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒரு பூட்டு என்றால் எங்களுக்கு மூன்று. போனுக்கு ஒரு பூட்டு, நம்பருக்கு ஒரு பூட்டு, ஜூஜூவாடி செக்போஸ்ட்டில் ஒரு பூட்டு.

முதலில் போன்.

2003 ஜூலையில் சிப்காட்டில் வேலை பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரிலையன்ஸ் இன்ஃபோகாம் ‘மான்சூன் ஹங்காமா’ என்று ஒரு திட்டம் போட்டது. 501 ரூபாய் கட்டு, போனை எடு, மிச்சத்தை மாதாமாதம் கொடு. அதுவரை செல்போன் என்பது மேனேஜர் இடுப்பில் தொங்குகிற சமாசாரம். 1995 ஜூலை 31-ல் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியில் இருந்த அமைச்சர் சுக்ராமுடன் பேசி நாட்டின் முதல் செல்போன் அழைப்பைத் தொடங்கி வைத்தார். அந்தக் காலத்தில் நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை கட்டணம். வீட்டுக்காரியோடு அரை மணி நேரம் சண்டை போட்டால் 480 ரூபாய். அதிலும் போட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. ‘வருகிற அழைப்புக்குக் காசு இல்லை’ என்ற புண்ணியமே 2003 மே மாதம்தான் வந்தது.

அப்படிப்பட்ட சாமானை 501 ரூபாய்க்குக் கையில் கொடுத்தால்? ஃபிட்டர், வெல்டர், கேன்டீன் மாஸ்டர் எல்லோர் சட்டைப் பையிலும் போன். டீக்கடையில் பக்கத்து பெஞ்சில் இருப்பவருக்கே போன் போட்டு, “எங்க இருக்கே?” என்று கேட்டார்கள்.

அந்த போனின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தால் பாட்டரி இருக்கும். சிம் கார்டுக்கு இடம் இருக்காது. சி.டி.எம்.ஏ. என்ற வேறு ஜாதித் தொழில்நுட்பம். நம்பரை போனுக்குள்ளேயே எழுதி அனுப்பிவிடுவார்கள். கர்ணனின் கவசகுண்டலம் மாதிரி கூடவே பிறந்தது. கழற்றினால் ரத்தம் வரும். கம்பெனியை மாற்ற வேண்டுமா? போனைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

இன்னொரு வேடிக்கை. ஆரம்பத்தில் அந்த போனுக்கு முழு செல்போன் லைசென்ஸ் கிடையாது. வயர் இழுக்காமல் ரேடியோவில் தொலைபேசி இணைப்பு தருகிற லைசென்ஸ்தான். சட்டப்படி உள்ளூர் எல்லைக்குள்தான் நடமாட வேண்டும். ஓசூருக்கு எஸ்.டி.டி. கோடு 04344, கிருஷ்ணகிரிக்கு 04343. சட்டத்தை அப்படியே படித்தால், ஓசூர் போன் கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஊமையாகிவிட வேண்டும். ஆகவில்லை. ‘ஏன் ஆகவில்லை?’ என்று மற்ற செல்போன் கம்பெனிகள் வழக்கு போட்டு மல்லுக்கு நின்றன. கடைசியில் 2003 நவம்பரில் மத்திய அரசு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே லைசென்ஸ் என்று சொல்லி, சண்டையைத் தீர்த்து வைத்தது.

சரி, கிருஷ்ணகிரிப் பக்கம் திறந்துவிட்டது. பெங்களூர்ப் பக்கம்?

டெலிகாம் கணக்கில் நாடு பல சர்க்கிள்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. எங்களுக்குத் தமிழ்நாடு சர்க்கிள். ஆகவே கன்னியாகுமரி உள்ளூர். கூப்பிடு தூரத்தில் இருக்கிற அத்திப்பள்ளி வெளியூர். காலையில் பெங்களூர் பஸ்ஸில் ஏறினால் செக்போஸ்ட் தாண்டியதும் போன் ரோமிங் ஆகிவிடும். அம்மா கூப்பிட்டு “சாப்டியாப்பா?” என்று கேட்டால், அதைக் கேட்டதற்கு நமக்குக் காசு. 2007-ல் டிராய் வைத்த உச்சவரம்பு நிமிடத்துக்கு 1 ரூபாய் 75 காசு. 2013 ஜூலையில் 75 காசாகக் குறைத்தார்கள். 2015 மே மாதம் 45 காசு. தாய்ப்பாசத்தின் விலை இறங்கிக்கொண்டே வந்தது!

எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர் ரோமிங் கட்டுவதில் ஒரு நியாயம் உண்டு. ஜூஜூவாடியில் பாயைப் போட்டுப் படுத்திருப்பவர் என்ன பாவம் செய்தார்? டவருக்கு எல்லைக்கல் தெரியாது. எந்த சிக்னல் பலமோ அதைப் போன் பிடித்துக்கொள்ளும். ஹாலில் தமிழ்நாடு, மொட்டை மாடியில் கர்நாடகா.

எங்கள் ரூமில் ஓர் அரூர்க்காரர் இருந்தார். மாடியில்தான் தூங்குவார். ஒரு ராத்திரி அவர் அம்மா எஸ்.டி.டி. பூத்திலிருந்து போன் போட்டிருக்கிறார். சிக்னல் இல்லை. எடுத்தது ஒரு பெண் குரல். அதுவும் கன்னடத்தில். மறுநாள் பஞ்சாயத்து.

“யார்ரா அந்தப் பொண்ணு? ராத்திரி பத்து மணிக்கு உன் போனை எடுக்குது?”

“அது ரெக்கார்டிங்மா... கம்பெனி பொண்ணு.”

“உங்க கம்பெனியிலயா வேலை செய்யுது?”

அந்த மாதமே தீவிரமாகப் பெண் பார்க்க ஆரம்பித்து, தை மாதம் கல்யாணத்தை முடித்துவிட்டார்கள். ரோமிங் ஒரு குடும்பத்தை உருவாக்கியதற்கு நான் கண்கண்ட சாட்சி.

2016 செப்டம்பரில் ஜியோ ‘ரோமிங் கட்டணமே கிடையாது’ என்று வந்தது. 2017 ஏப்ரலில் ஏர்டெல்லும் உள்நாட்டு ரோமிங் கட்டணத்தை எடுத்தது. செக்போஸ்ட் பூட்டு திறந்தது.

நம்பர் பூட்டுதான் கொஞ்சம் வயிற்றெரிச்சலான கதை.

எங்கள் ஸ்டோர்ஸில் கான்ட்ராக்டில் ஒரு பையன் இருந்தான். ஐ.டி.ஐ. ஃபிட்டர். நல்ல வேலைக்காரன். இரண்டு மூன்று இடங்களில் நிரந்தர வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தான். இடையில் கான்ட்ராக்ட் முடிந்து, பொம்மசந்திராவில் ஒரு சின்ன ஷெட்டில் சேர்ந்தான். அங்கே ரோமிங் கட்டி மாளாமல் கர்நாடக நம்பர் ஒன்று வாங்கினான். பழைய நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் காலாவதியாகி, கம்பெனி அதை வேறு யாருக்கோ விற்றுவிட்டது. நிரந்தர வேலைக்கான அழைப்பு அந்த நம்பருக்குப் போயிருக்கிறது. திருவாரூர்ப் பக்கம் யாரோ எடுத்து, “ராங் நம்பர்” என்று வைத்துவிட்டார். இவனுக்கு விஷயம் தெரிந்தது ஐந்து மாதம் கழித்து, அதே ஆபீஸ் கிளார்க்கை ராயக்கோட்டை ரோட்டு டீக்கடையில் பார்த்தபோது. “உனக்கு எத்தனை தடவைப்பா போன் போடறது?” என்றாராம். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்ததாகச் சொன்னான்.

அறை மாறுகிற, ஆபீஸ் மாறுகிற, ரேஷன் கார்டு ஊரில் இருக்கிற பையனுக்கு நம்பர்தானே சார் விலாசம்?

2011 ஜனவரி 20-ல் ‘கம்பெனியை மாற்றினாலும் நம்பரை வைத்துக்கொள்ளலாம்’ என்று நாடு முழுக்க வந்தது. 1900-க்கு ஒரு எஸ்.எம்.எஸ்., கட்டணம் 19 ரூபாய். எல்லோரும் பட்டாசு வெடித்தார்கள். எங்களுக்கு அரைப் பட்டாசு. சர்க்கிளுக்குள் மட்டும்தான் செல்லும். ஓசூரிலிருந்து பொம்மசந்திராவுக்கு நம்பர் போகாது. அது 2015 ஜூலை 3-ல்தான் சாத்தியமாயிற்று. அந்தப் பையன் இப்போது சொந்தமாக லேத் வைத்திருக்கிறான். நம்பரைப் போர்டில் பெயிண்டால் எழுதியிருக்கிறான், ஒவ்வொரு எழுத்தும் ஒரு ஜாண் உயரம்.

போன் பூட்டு விஷயத்தில் அமெரிக்காவுக்கும் பெரிய இடம் உண்டு. அங்கிருந்து மச்சான் ஆசையாய் வாங்கி வருகிற போனில் நம்ம ஊர் சிம்மைப் போட்டதும் ‘அன்லாக் கோடு கொடு’ என்று மிரட்டுமே, அதுதான். உள்ளே நடப்பது ரொம்ப சிம்பிள். ஒவ்வொரு சிம்முக்குள்ளும் ஒரு நீள நம்பர் இருக்கிறது. முதல் மூன்று இலக்கம் நாடு (இந்தியாவுக்கு 404 அல்லது 405). அடுத்து வருவது கம்பெனி. போன் அதைப் படித்து, தன் முதலாளியின் நம்பர்தானா என்று பார்க்கும். இல்லையென்றால் கதவைச் சாத்திவிடும். மாமியார் வீட்டு நாய் மாதிரி. ஆளைப் பார்ப்பதில்லை, வாசனையைத்தான் பார்க்கும்.

2007-ல் அமெரிக்காவில் ஐபோன் வந்தபோது ஏ.டி.அண்ட்.டி. கம்பெனியில் மட்டும்தான் வேலை செய்தது. இரண்டே மாதத்தில் நியூஜெர்சியில் ஜார்ஜ் ஹாட்ஸ் என்ற 17 வயசுப் பையன் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்து பூட்டை உடைத்தான். அந்த போனைக் கொடுத்து, பதிலுக்கு ஒரு நிஸான் காரும் மூன்று புது ஐபோனும் வாங்கிக்கொண்டான். நம் வீட்டில் 17 வயசுப் பையன் போனைக் கழற்றினால் என்ன கிடைக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

2008 ஆகஸ்ட் 22-ல் ஐபோன் 3ஜி நம் நாட்டுக்கு வந்தது. ஏர்டெல், வோடஃபோன் என்று இரண்டு கம்பெனி விற்றன. 8 ஜி.பி. போன் 31,000 ரூபாய். அமெரிக்காவில் இரண்டு வருஷ ஒப்பந்தத்தோடு 199 டாலர். அங்கே பூட்டு இருந்தது, விலையும் குறைவாக இருந்தது. இங்கே முழு விலையையும் வாங்கிக்கொண்டு பூட்டையும் போட்டார்கள்! (இன்றைக்கு அதே ஐபோனின் பாகங்கள் எங்கள் மாவட்டத்தில் டாடா எலெக்ட்ரானிக்ஸ் ஆலையில் தயாராகின்றன. ஷிப்ட் முடிந்து பஸ் பஸ்ஸாகப் பெண்கள் இறங்குகிறார்கள். காலம் இப்படியும் பழி வாங்கும்.)

கம்பெனிக்காரர் பக்கமும் பேசிவிடுகிறேன். “சார், போனை அடக்க விலைக்கும் கீழே கொடுக்கிறோம். நீங்க அடுத்த மாசமே வேற சிம்மைப் போட்டா எங்க பணம்?” நியாயமான கேள்வி. ஆனால் தவணை தீர்ந்த பிறகும் பூட்டு எதற்கு? இந்தக் கேள்விக்குத்தான் பல நாடுகள் சட்டத்தில் பதில் எழுதின. அமெரிக்காவில் 2014-ல் வாடிக்கையாளர் தன் போன் பூட்டைத் திறந்துகொள்வது சட்டப்படி சரி என்று ஆயிற்று. கனடாவில் 2017 டிசம்பரிலிருந்து பூட்டி விற்கக் கூடாது. ஜப்பானிலும் பிரிட்டனிலும் 2021-ல் அதே மாதிரி.

பூட்டின் உண்மையான விலை, கம்பெனி மூடும் நாளில்தான் தெரியும். 2005-ல் அம்பானி சகோதரர்களின் பாகப்பிரிவினையில் அந்த 501 ரூபாய் போன் கம்பெனி தம்பி அனில் பங்குக்குப் போனது. 2017 டிசம்பரில் செல்போன் பேச்சுச் சேவையையே நிறுத்திவிட்டது. பழைய சி.டி.எம்.ஏ. போன்கள் அதற்கு முன்பே குழந்தைகள் விளையாடப் போயிருந்தன. 2018 பிப்ரவரியில் ஏர்செல் படுத்தபோது தமிழ்நாடே திண்டாடியது. நம்பரை மாற்றிக்கொள்ளக் கோடு கேட்டுக் கடை வாசலில் கூட்டம். ஆனால் கவனித்தீர்களா? போன் சாகவில்லை. சிம்மைக் கழற்றி வேறு சிம்மைப் போட்டதும் பேசியது. பூட்டில்லாத போனின் பெருமை அதுதான்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், 2018 ஜூலையில் ‘மான்சூன் ஹங்காமா’ மறுபடி வந்தது. அதே பெயர், அதே 501 ரூபாய்! இந்தத் தடவை அண்ணன் முகேஷின் ஜியோ. பழைய போனைக் கொடுத்துவிட்டு 501 ரூபாய்க்கு ஜியோபோன். 2023-ல் 999 ரூபாய்க்கு ஜியோபாரத். இவையும் ஜியோவில் மட்டும் பேசுகிறவை.

வாங்காதீர்கள் என்று சொல்ல மாட்டேன். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிற அம்மா பேரனோடு பேச அது போதும். ஆனால் மாதச் சம்பளக்காரத் தம்பிகளே, கடைக்குப் போகும்போது மூன்று கேள்வி கேளுங்கள். ஒன்று, இதே தரத்தில் பூட்டில்லாத போன் என்ன விலை? இரண்டு, எந்தத் தேதியில் பூட்டு திறக்கும்? மூன்று, நான் போகிற ஊரில் இந்தக் கம்பெனி சிக்னல் இருக்கிறதா? தேன்கனிக்கோட்டை தாண்டி அஞ்செட்டி மலைப்பாதையில் எந்தக் கம்பெனி பேசும் என்பதைக் கொண்டை ஊசி வளைவுதான் தீர்மானிக்கிறது. அங்கே வண்டி நின்றுவிட்டால் தள்ளுபடி விலை கைகொடுக்காது.

கூடவே, வேறு கம்பெனி சிம் வைத்திருக்கிற நண்பர் ஒருவரை அழைத்துப் போங்கள். பில் போடுவதற்கு முன்னால் அவருடைய சிம்மைப் போட்டு ஒரு கால் பேசிப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும். நண்பருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டால் செலவு முடிந்தது.