விதிப் புத்தகத்தில் ஒரு சொல்

பொங்கலுக்கு ஊருக்கு வந்திருந்த நம் பிள்ளைகளிடம் பேசிக்கொண்டிருந்தோம். விழுப்புரம் மாவட்டத்தின் காலனிகளில் பிறந்து, முதல் தலைமுறைப் பட்டதாரிகளாகி, இன்று சென்னையில் தரமணி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று ஐ.டி. நிறுவனங்களில் வேலை பார்ப்பவர்கள். வேலையில் எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டோம்.

பிடித்ததைச் சொல்ல யாரும் தயங்கவில்லை. மாதச் சம்பளம் வங்கிக் கணக்கில் வந்துவிடுகிறது. கூலிக்காக எவர் வீட்டு வாசலிலும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மேலாளரைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். எல்லோருக்கும் ஒரே கேன்டீன், ஒரே குடிநீர்க் குழாய், ஒரே மாதிரி நாற்காலி. இரவுப் பணி முடிந்த பெண்களை கம்பெனி வண்டி வீட்டு வாசல் வரை கொண்டுவந்து விடுகிறது. ஊர்த்தெருவில் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்த தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இவை சின்ன விஷயங்கள் அல்ல. தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. தேர்வும் நேர்காணலும் கடந்து அவர்கள் வாங்கிய வேலை இது. அந்தப் பெருமிதத்தை நாம் குறைத்துப் பேச மாட்டோம்.

பிடிக்காததைச் சொல்லும்போதுதான் குரல் தாழ்ந்தது. வேலைப்பளு, புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் உட்காரும் பயம், நள்ளிரவு அழைப்புகள் ஆகியவை அங்கே எல்லோருக்கும் உள்ளவை. நம் பிள்ளைகளுக்கு அவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், "எந்த ஊர்?" என்று கேட்பார்கள். சொன்னால், "ஊரில் எந்தப் பக்கம்?" என்பார்கள். அடுத்து குலதெய்வம் எது என்ற கேள்வி. பிறகு, "காலேஜில் கோட்டாவில் சேர்ந்தீங்களா?" சாதி என்ன என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் தெரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவது நின்றுபோனது என்றார் ஒரு தம்பி.

ஆண்டு மதிப்பீட்டில் "கம்யூனிகேஷன் போதாது" என்று ஒரு வரி எழுதப்படுகிறது. அது உண்மையான குறையா, வேறு கணக்கா என்று நிரூபிக்க வழியில்லை. காலியிடம் வந்தால் உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களைப் பரிந்துரைக்கிறார்கள். முதல் தலைமுறையாக உள்ளே நுழைந்தவருக்கு அங்கே தெரிந்தவர் யார் இருப்பார்? இன்னொரு தங்கை சொன்னது நம்மை உலுக்கியது. அவருடைய அலுவலகத்தில் ஒப்பந்தக் கூலிக்குக் கழிவறை சுத்தம் செய்பவர் நம் பக்கத்து ஊர் அக்கா. அவரோடு நின்று பேசினால் மற்றவர்கள் தன்னையும் கண்டுகொள்வார்களோ என்று பயந்து, தெரியாதவர் போலக் கடந்து போனாராம். அதைச் சொல்லி அழுதார். குற்றம் அந்தத் தங்கையுடையது அல்ல. அப்படிப் பயப்பட வைத்த இடத்துடையது.

இதையெல்லாம் எங்கே புகார் செய்வது? பாலியல் தொல்லை என்றால் வழி உண்டு. 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும். சாதிப் பாகுபாட்டுக்கு அப்படி ஒரு குழுவைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லை. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குப் பெரும் கேடயம்தான். ஆனால் சாப்பாட்டு மேசையில் விழும் மௌனத்தையும், மதிப்பீட்டில் எழுதப்படும் ஒரு வரியையும் வைத்து அந்தச் சட்டத்தில் வழக்குப் போட முடியாது.

ஐ.டி. வேலையோடு சாதியும் கடல் கடந்து போயிருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவருக்குச் சாதிப் பாகுபாடு காட்டப்பட்டதாக 2020இல் அம்மாநில அரசுத் துறையே வழக்குத் தொடுத்தது. நிறுவனம் அதை மறுத்தது. இரு மேலாளர்கள் மீதான வழக்கு 2023இல் கைவிடப்பட்டது. ஆனாலும் அந்த வழக்கு ஒரு கதவைத் திறந்தது. ஆப்பிள் நிறுவனம் தன் ஊழியர் நடத்தை விதிகளில் சாதி என்ற சொல்லைச் சேர்த்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சாதி பிறந்த நாட்டில் இருக்கும் நிறுவனங்களுக்கு அந்தச் சொல்லை எழுத என்ன தயக்கம்?

நாம் கேட்பது இதுதான். தமிழ்நாட்டில் இயங்கும் ஒவ்வொரு ஐ.டி. நிறுவனமும் பணி விதிகளில் சாதிப் பாகுபாடு குற்றம் என்று வெளிப்படையாக எழுத வேண்டும். தலித் உறுப்பினரும் வெளியாள் ஒருவரும் உள்ள புகார்க் குழுவை அமைக்க வேண்டும். துப்புரவு ஒப்பந்தப் பணியாளர்களும் அந்தக் குழுவிடம் புகார் செய்யலாம் என்று இருக்க வேண்டும். இதைக் கட்டாயமாக்கும் சட்டத்தை அரசு கொண்டுவர வேண்டும்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு: இதைப் படித்து பயந்து பின்வாங்காதீர்கள். அந்த நாற்காலி உங்களுக்கும் உரியது. ஆங்கிலத்தை இப்போதே பழகுங்கள். அதைக் காரணம் காட்டும் வாய்ப்பை யாருக்கும் தராதீர்கள். அவமதிப்பு நேர்ந்தால் தேதியோடு எழுதி வையுங்கள், மின்னஞ்சல்களைப் பத்திரப்படுத்துங்கள். ஐ.டி. ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016இல் தெளிவுபடுத்தியிருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்துங்கள்.

முன்பே உள்ளே போய்விட்டவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த காலியிடம் வரும்போது நம் தெருப் பிள்ளை ஒருவரின் பெயரைப் பரிந்துரையுங்கள். நாளைக் காலை அந்தத் துப்புரவு அக்காவைப் பார்த்தால் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வணக்கம் சொல்லுங்கள்.