சீமை முகப்பு, நம்மூர் முற்றம்

கடத்தூரானாலும் சரி, காரைக்குடியானாலும் சரி, வீடு கட்டப் போகிறோம் என்றதும் முதல் பேச்சு வாசல் முகப்பைப் பற்றித்தான். தூண் எப்படி, வளைவு எப்படி, பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? அடுப்படிப் புகை போக வழி இருக்கிறதா என்ற கேள்வி கடைசியில்தான் வரும். சில வீடுகளில் வருவதே இல்லை!

முகப்புக்கும் ஆசைப்பட்டு, உள்ளே வசதியையும் விட்டுக் கொடுக்காதவர்கள் செட்டிநாட்டு நகரத்தார்கள். 19-ம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து 1940 வரை, பர்மா, இலங்கை, மலாயாவில் லேவாதேவி செய்து ஈட்டிய பணத்தில் வீடுகளாகக் கட்டினார்கள். தெருப்பக்கம் பார்த்தால் இத்தாலிப் பாணி: உருண்டைத் தூண்கள், அரைவட்ட வளைவுகள், மாடியில் சித்திர வேலை செய்த கைப்பிடிச் சுவர். இத்தாலியிலிருந்து சலவைக்கல், பர்மாவிலிருந்து தேக்கு, பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடி. கானாடுகாத்தானில் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1912-ல் கட்டிய அரண்மனை இதற்குப் பேர்போனது.

ஆனால் நிலைவாசலைத் தாண்டி உள்ளே போங்கள், அசல் தமிழ் வீடுதான்! நடுவில் திறந்த முற்றம். சூடான காற்று அதன் வழியே மேலே போய்விடும். நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் விழும். அண்டா வைத்துப் பிடித்துக்கொள்ளலாம். சுண்ணாம்போடு கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், வெயில் காலத்திலும் தொட்டால் ஜில்லென்று இருக்கும். அடுக்களை பின்கட்டில். புகை முன்கட்டுக்கு வராது.

முற்றத்தைச் சுற்றி வரிசையாக அறைகள். கல்யாணமான மகன் ஒவ்வொருவருக்கும் ஒன்று. கொஞ்ச நாளில் ‘வேறு வைப்பார்கள்’. அதாவது, அதே வீட்டில் தனி அடுப்பு, தனிக் கணக்கு. பெரியவர்களின் துணையும் உண்டு, மருமகள் கையில் குடித்தனப் பொறுப்பும் உண்டு. நல்ல ஏற்பாடு அல்லவா?

1942-ல் ஜப்பானியர் பர்மாவுக்குள் நுழைந்ததும் அந்த வருமானம் நின்றது. தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகினார்கள். ஓடு மாற்றுவதென்றாலும் அத்தனை பேரும் சம்மதிக்க வேண்டுமே! பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. சில இடிபட்டு, தூணும் கதவும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் விலை போயின. 2014-ல் இந்தியா, யுனெஸ்கோவின் பாரம்பரியச் சின்ன உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்களைச் சேர்த்தது. அது மட்டும் ஒரு வீட்டையும் காப்பாற்றிவிடாது; பங்காளிகள் ஒன்றுகூடி உட்கார்ந்து பேசினால்தான் உண்டு.

அந்தத் தூண்களை நாம் விலைக்கு வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். அங்கே எடுத்துக்கொள்ளக் காசில்லாத விஷயங்கள் நிறைய இருக்கின்றன. அடுத்த முறை மேஸ்திரி வீட்டுப் படத்தை விரித்தால், முகப்பை அவர்கள் பார்க்கட்டும். நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள்: அறைக்கு எதிரெதிர் ஜன்னல் உண்டா? சமையலறைப் புகை நேரே வெளியே போகுமா? கூரைத் தண்ணீர் எங்கே போய்ச் சேரும்?

பகலெல்லாம் வீட்டுக்குள்ளேயே இருக்கப் போவது நீங்களும் கைக்குழந்தையும்தானே! கேட்கத் தயங்காதீர்கள்.