விற்காத வண்டி மட்டமான வண்டியா?

செங்கம் சாலையில் ஒரு டீக்கடை வாசலில் மாருதி ஜிம்னி வந்து நின்றால் போதும், டீ ஆறுவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். "பொம்மை வண்டி சார். நம்ம ஊர்ல யாருமே வாங்கல. நாளைக்கு வித்தா பாதி விலைக்குக்கூடப் போகாது." சொன்னவர் அதில் ஒருமுறைகூட ஏறியதில்லை. நாலு பேர் வாங்கவில்லை, ஆகவே வண்டி மட்டம். வாதம் இதற்குமேல் நகர்வதில்லை. திருவண்ணாமலையில் கேட்ட இதே பேச்சை வேலூரிலும் சேலத்திலும் கேட்டிருக்கிறேன். அறவே தவறான பேச்சு இது. இதனால் கெடுதலும் விளைகிறது என்பதால்தான் எழுதுகிறேன்.

ஜிம்னியையே எடுத்துக்கொள்வோம். ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. குருகிராம் ஆலையில் தயாராகும் வண்டி. இங்கே அதைத் தள்ளிவிட லட்சக்கணக்கில் தள்ளுபடி கொடுக்க வேண்டியிருந்தது. அதே ஆலையில் செய்த அதே வண்டி 2025 தொடக்கத்தில் 'நோமேட்' என்ற பெயரில் ஜப்பானுக்குப் போனது. மாதம் 1,200 விற்றால் போதும் என்று சுசூகி கணக்குப் போட்டிருந்தது. நான்கே நாளில் சுமார் 50,000 பேர் பதிவு செய்யவே, பதிவையே நிறுத்தி வைத்தார்கள். இரும்பும் எஞ்சினும் மாறவில்லை. வாங்க வந்தவர்கள் வேறு, அவர்கள் தேடியது வேறு. விற்பனைக் கணக்கு வாங்குபவரைப் பற்றிப் பேசுகிறது. அதை வண்டியின் மதிப்பெண் பட்டியலாக நாம்தான் படிக்கிறோம்.

அகலம் போதாது என்பது ஊரார் சொல்லும் பெரிய குறை. ஜிம்னியின் அகலம் 1,645 மில்லிமீட்டர், ஸ்கார்பியோ-என் 1,917. பின்சீட்டில் இரண்டு பேருக்குத்தான் இடம், உண்மை. ஆனால் ஒரு பக்கம் பாறையும் மறுபக்கம் பள்ளமுமாக இருக்கிற மலைப்பாதையில் அந்த ஒரு சாண் எவ்வளவு பெரியது என்று ஜவ்வாது மலையில் பிக்கப் ஓட்டுகிறவரிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, அதன் 'ஃபோர் லோ' கியர். லீவரை அதில் போட்டால் எஞ்சின் வேகமாகச் சுழன்றாலும் நான்கு சக்கரங்களும் மெல்ல, முழு இழுவையோடு உருளும். இறக்கத்தில் பிரேக்கை மிதித்துச் சூடாக்க வேண்டாம். எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நாட்டில் இன்று விற்கும் பயணிகள் வண்டிகளில் பாதிக்கு மேல் எஸ்யூவி. அவற்றில் பெரும்பாலானவற்றில் இரண்டு சக்கரத்துக்கு மட்டுமே எஞ்சினின் இழுவை போகிறது. உயரமான முகத்தையும் பெரிய டயரையும் பார்த்து "எங்க வேணா ஏறும்" என்கிறோம். நிஜமாகவே ஏறுகிற வண்டியைப் பொம்மை என்கிறோம். கார்த்திகைத் தீபத்தின் ஏழாம் நாள் மகா ரதத்துக்கு முட்டுக்கட்டை போடுபவர்களைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. எந்த வண்டியையும் அது போக வேண்டிய வழியை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று நமக்கு ஒருவர் வந்து சொல்லித்தர வேண்டுமா?

விற்காத வண்டியெல்லாம் நல்ல வண்டி என்று நான் சொல்லவில்லை. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் 1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் 2000, ரோவரின் அழகான உடலுக்குள் பழைய வேன்கார்டு காரின் காலத்து எஞ்சினை வைத்துக்கொண்டு வந்தது. அது தோற்றதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே 1985-இன் இறுதியில் வந்த மாருதி ஜிப்ஸியும் குடும்பத்தார் ஒதுக்கிய வண்டிதான். துணிக்கூரை, கடினமான சீட், பெட்ரோல் குடிக்கிற எஞ்சின். அதை ஆயிரக்கணக்கில் வாங்கியது ராணுவம். ஒரு டன்னுக்குள் அடங்கும் எடை. சேற்றில் அழுந்தாது, சிக்கினாலும் நாலு பேர் தள்ளி எடுத்துவிடலாம். ஸ்டாண்டர்ட் 2000-க்கும் ஜிப்ஸிக்கும் "விற்கவில்லை" என்று ஒரே முத்திரை குத்தினால் அந்த முத்திரையால் என்ன பயன்?

கெடுதல் என்றேனே, அது இதுதான். நாலு பேர் பேச்சைக் கேட்டு வாங்க நினைத்தவர் பின்வாங்குகிறார். விற்பனை குறைகிறது. மெக்கானிக் உதிரிபாகம் வாங்கி வைப்பதை நிறுத்துகிறார். "பார்ட்ஸ் கிடைக்காது" என்று நாம் முதல்நாள் சொன்ன பொய் மூன்றாம் வருஷம் மெய்யாகிவிடுகிறது. பிறகு கம்பெனி வண்டியையே நிறுத்துகிறது. பொதுமக்களுக்கான ஜிப்ஸி 2019-ஓடு போயிற்று. ஊருக்குள் இருப்பவனுக்கு நஷ்டமில்லை. அவன் வேறு கார் வாங்கிக்கொள்வான். நஷ்டம் மலைமேல் இருப்பவருக்குத்தான்.

2023 மே மாதம் வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. குழந்தை பிழைக்கவில்லை. உடலை ஏற்றி வந்த ஆம்புலன்ஸ் பாதை இல்லாமல் பாதி வழியில் நின்றுவிட்டது. மிச்ச மலையைத் தாய் குழந்தையைச் சுமந்துகொண்டே ஏறினாள். அங்கே முதலில் வேண்டியது சாலை, அதில் இரண்டு பேச்சில்லை. சாலை வரும்வரை அந்தக் கற்களின்மேல் உருண்டு ஏறக்கூடிய வண்டி ஒன்று வேண்டும். குறுகலான, எடை குறைந்த, நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி. நம் டீக்கடையில் யாருமே வாங்கவில்லை என்று தள்ளிவைத்தோமே, அந்த வண்டி.