சிற்றோடைக்கு ஏற்ற கோல்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருப்பதை நண்பர்கள் அறிவார்கள். கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த அவை, ஊர் வாரியங்களுக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வயது இத்தனைக்குக் குறையக்கூடாது, இத்தனையைத் தாண்டக்கூடாது, சொந்த மனையில் வீடு இருக்கவேண்டும், கணக்குக் காட்டாதவன் நிற்கக்கூடாது என்று நிபந்தனைகள் நீள்கின்றன. ஓர் ஏரியைக் கவனித்துக்கொள்ள ஆள் தேடுவதற்கே அவ்வளவு யோசித்திருக்கிறார்கள் நம் முன்னோர்.

அந்தக் கல்வெட்டுகளைப் பார்த்துவிட்டுக் காஞ்சிபுரம் வழியாகத் தாமல் ஏரிக்கரைக்கு நாங்கள் சென்று இறங்கியபோது, எங்கள் வண்டியில் ஒரு தூண்டிற்கோல் இருந்தது. அதை வாங்குவதற்கு நாங்கள் ஐந்து நிமிடம்கூட யோசித்திருக்கவில்லை. இக்கட்டுரை அந்த ஐந்து நிமிடத்தைப் பற்றியது.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம். மழை நன்றாகப் பெய்திருந்த ஓர் ஆண்டின் மார்கழி. ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்துகொண்டிருந்தது. அங்கிருந்து இறங்கும் கால்வாய் ஒரு மாட்டுவண்டி போகிற அகலம்தான். இரு கரையிலும் சீமைக் கருவேலம், காலடியில் கோரை. தெளிந்த நீரில் கெண்டைகள் எதிரேறிக்கொண்டிருந்தன. எங்களில் ஒருவர் அரை மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி வந்திருந்த கோல் ஒன்பது அடி நீளமுள்ளது. கார்பன் இழையால் ஆனது, விறைப்பானது. விலைப்பட்டியலில் 'எல்லா நீர்நிலைகளுக்கும் ஏற்றது' என்று எழுதியிருந்தது. சூது அதிகாரத்தில் வள்ளுவர் தூண்டில் இரும்பை விழுங்கிய மீனை உவமை காட்டுகிறார். விலைப்பட்டியலைப் பார்த்த அந்நேரத்தில் அந்த மீன் நாங்கள்தாம்.

முதல் வீச்சு கருவேலங்கிளையில். இரண்டாவது வீச்சில் கயிறு எங்கள் காலடியிலேயே குவிந்தது. அரை மணி நேரம் இப்படிப் போனது. முள்மரத்தில் சிக்கிய நுனியை விடுவிக்க இழுத்தபோது, மேல் துண்டு 'டக்'கென்று முறிந்தது. எதிர்க்கரையில் ஒரு பெரியவர் மூங்கில் கழியும் மயிலிறகுத் தக்கையும் மண்புழுவுமாக உட்கார்ந்திருந்தார். அவருடைய பிளாஸ்டிக் வாளியில் ஏழெட்டுக் கெண்டைகள் துள்ளிக்கொண்டிருந்தன. எங்களை வெகுநேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏம்பா, இத கடலுக்கு வாங்கினீங்களா, காவாய்க்கு வாங்கினீங்களா?"

அந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. அதற்குப் பிறகு தேடிப் படித்தும், பிறர் கோல்களைக் கடன் வாங்கி வீசிப் பார்த்தும் தெரிந்துகொண்ட பதில் இதுதான்: சிற்றோடையில் ஈத்தூண்டில் போட விரும்புகிறவர், நீளமும் விறைப்பும் கொண்ட நவீனக் கார்பன் கோலை விட்டுவிட்டு, குட்டையான, இளக்கமான கண்ணாடியிழைக் கோலை எடுக்கவேண்டும். 'ஃபைபர் கிளாஸா? அது அந்தக் காலத்துச் சரக்கு' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களோடு நாங்கள் மாறுபடுகிறோம். காரணங்களைச் சொல்கிறோம்.

ஈத்தூண்டில் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக ஒரு விளக்கம். நம் ஊர்த் தூண்டிலில் இரைக்கும் ஈயக் குண்டுக்கும் எடை உண்டு. அந்த எடையை வீசுகிறோம், நரம்பு பின்னால் ஓடுகிறது. ஈத்தூண்டிலில் இரை என்பது இறகையும் நூலையும் முள்ளில் கட்டிச் செய்த பொய் ஈ. அதற்கு எடையே இல்லை. ஆகவே அங்கே கயிற்றுக்கு எடை கொடுத்திருக்கிறார்கள். கோலை முன்னும் பின்னும் அசைக்கும்போது கயிற்றின் எடை கோலை வில்லாக வளைக்கிறது. வளைந்த கோல் நிமிரும்போது கயிறு விரிந்து செல்கிறது. கோல் வளையாவிட்டால் வீச்சே இல்லை. இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாக விளங்கும்.

கயிறுகளுக்கு எண் உண்டு. முதல் 30 அடிக் கயிற்றின் எடையைக் கொண்டு அந்த எண்ணைத் தருகிறார்கள். மூன்றாம் எண் கயிற்றின் முதல் 30 அடி சுமார் ஆறரை கிராம், ஐந்தாம் எண்ணுக்குச் சுமார் ஒன்பது கிராம். கோலிலும் அதற்குரிய கயிற்றின் எண் பொறித்திருக்கும். இப்போது தாமல் கால்வாய்க்குத் திரும்புவோம். அங்கே மீன் இருப்பது பன்னிரண்டு, பதினைந்து அடித் தொலைவில். கோலுக்கு வெளியே தொங்கும் கயிறு பத்துப் பன்னிரண்டு அடிதான். ஐந்தாம் எண் கயிறாகவே இருந்தாலும் மூன்றரை கிராமைத் தாண்டாது. நுனிப்பகுதி மெல்லியதாக இழைக்கப்பட்டிருந்தால் இன்னும் குறையும். ஒன்பது கிராமுக்கு வளையும்படி செய்த விறைப்பான கோல், மூன்று கிராமுக்கு ஏன் வளையப்போகிறது? குற்றம் எங்கள் கையில் மட்டும் இல்லை. கால்வாய்க்குப் பொருந்தாத கருவியைக் கால்வாய்க்குக் கொண்டுபோனதுதான் முதற்குற்றம்.

கண்ணாடியிழையின் விறைப்பு, வழக்கமான கார்பன் இழையின் விறைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எடையும் கூடுதல். ஒன்பதடிக் கோலில் இவை இரண்டும் குறைகள்தாம். கை வலிக்கும், வீச்சு சோம்பும். ஆனால் கோலை ஆறரை அடியாகக் குறுக்கிவிட்டால் அந்த எடை ஒரு பொருட்டாகாது. இளக்கமோ குணமாகிவிடும். சிறிதளவு கயிற்றுக்கே கோல் கைப்பிடிவரை வளைந்து கொடுக்கும். உள்ளங்கை நீளக் கெண்டை மாட்டினாலும் அதன் துடிப்பு விரல் வரை வந்து சேரும். மெல்லிய நரம்பு சட்டென்று அறுந்துபோகாது. முள்மரத்தில் தட்டினால் உடனே உடைந்தும் போகாது. கடைசிப் பயனை நாங்கள் மிகுந்த பொருட்செலவில் கற்றுக்கொண்டோம்.

நிற்க. இது பழமை மோகம் என்று யாரும் எண்ணிவிடக்கூடாது. கண்ணாடியிழைக் கோலுக்கு அவ்வளவு பழமையும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் மூங்கிலைப் பிளந்து ஒட்டிக் கோல் செய்யத் தொடங்கியபோது, அவர்கள் பயன்படுத்தியது கல்கத்தாத் துறைமுகத்திலிருந்து கப்பலேறிய இந்திய மூங்கில். பின்னர்ச் சீனத்து மூங்கில் அந்த இடத்தைப் பிடித்தது. 1950 வாக்கில் சீனத்தோடு அமெரிக்காவின் வணிகம் நின்றபோது அந்த மூங்கிலும் நின்றது. அதற்குச் சற்று முன்னதாக, 1940களின் இறுதியில், ஷேக்ஸ்பியர் கண்ணாடியிழைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்திருந்தார். நாடகாசிரியர் அல்லர், மிச்சிகன் மாநிலத்துக் கலமசூவில் தூண்டில் கருவிகள் செய்த நிறுவனம். இருபத்தைந்து ஆண்டுகள் உலகமெங்கும் கண்ணாடியிழை ஆண்டது. 1970களில் கார்பன் வந்தது. தொலைவாக வீசுவது, வேகமாக வீசுவது என்பதே விற்பனையின் தாரக மந்திரமாயிற்று. ஆனால் ஓடை அகலமாகிவிடவில்லை. கோல்தான் நீண்டுகொண்டே போனது. அண்மைக் காலத்தில் சிற்றோடைப் பிரியர்கள் கண்ணாடியிழைக்குத் திரும்பியிருப்பதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறோம்.

தமிழ்நாட்டில் இதற்கெல்லாம் இடம் ஏது என்று கேட்கலாம். ஈத்தூண்டிலுக்கு இங்கே பேர்போன இடம் நீலகிரி. 1863இல் பிரான்சிஸ் டே அங்கே டிரௌட் மீனைக் குடியேற்ற முயன்று தோற்றார். இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் எச். சி. வில்சனின் முயற்சி பலித்தது. அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. சோலைகளுக்கிடையே ஓடும் அந்த ஓடைகள் பல இடங்களில் தாண்டிக் கடக்கும் அகலமே. அங்கும் வேண்டியது குட்டைக் கோல்தான். சமவெளி ஏரிகளையும் அக்காலத்து ஆங்கிலேயர்கள் விட்டுவைக்கவில்லை. சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்த எச். எஸ். தாமஸ், 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை எழுதினார். 1887இல் ஏரி குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா' என்று தனி நூல் எழுதினார். நம் ஏரிகள் அப்படி ஒரு தனி நூலுக்குத் தகுதியானவை என்று வேற்றூரார் ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

சரி, கோலுக்கு வருவோம். உத்திரமேரூர்ச் சபையாரின் வழியில் நாங்களும் சில தகுதிகளை வகுத்திருக்கிறோம். நீளம் ஆறு அடிக்குக் குறையாமலும் ஏழு அடியைத் தாண்டாமலும் இருக்கவேண்டும். கயிறு மூன்றாம் எண் அல்லது நான்காம் எண். பழகுபவருக்கு நான்கே நல்லது. இரு முனையும் ஒரே விதமாக மெலிந்த கயிற்றை வாங்கினால், ஒரு முனை தேய்ந்தபின் திருப்பிப் போட்டுக்கொள்ளலாம். நுனி நரம்பு கோலின் நீளத்துக்கு மேல் வேண்டாம். ரீல் எளியதாக இருந்தால் போதும். இந்த மீன்களுக்கு அது கயிற்றைச் சுற்றிவைக்கும் பெட்டி மட்டுமே. கடையில் கோலை வெறுமனே ஆட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வெறுங்கோலை ஆட்டினால் விறைப்பானது உயர்ந்ததாகவும் இளக்கமானது தளர்ந்ததாகவும் தோன்றும். நாங்கள் ஏமாந்தது அங்கேதான். கயிற்றைக் கோத்து, பன்னிரண்டு அடியை மட்டும் வெளியே விட்டு, மெதுவாக வீசிப் பாருங்கள். கயிறு நேராக விரிந்தால் அது உங்கள் கோல்.

மறுதரப்பையும் சொல்லவேண்டும். ஆடிக் காற்றில், நிரம்பிய ஏரியின் கரைமேல் நின்று, அறுபது அடிக்கு அப்பால் வீச விரும்புகிறவருக்கு இந்தக் கோல் உதவாது. அவருக்குக் கார்பன்தான் சரி. அல்லிக்கொடிகளுக்குள் கிடக்கும் பெரிய விராலை மேலே இழுத்துவர இளக்கமான கோலால் முடியாது. கொடியோடு கொடியாக அது சுற்றிக்கொள்ளும். நாங்கள் சொல்வது கால்வாய்க்கு, ஓடைக்கு, மதகின் கீழுள்ள மடுவுக்கு. நீர்மட்டத்தில் பூச்சி கவ்வும் வெள்ளிநிறச் சிறுமீன்களுக்கும் கெண்டைகளுக்கும். 1952இல் இந்தியாவுக்கு வந்து இன்று ஏரிகள்தோறும் பெருகிவிட்ட ஜிலேபிக் கெண்டைக்கும் தான். அயிரைக்கும் கெளுத்திக்கும் பொய் ஈயைவிட மண்புழுவே மேல். அதற்கு மூங்கில் கழியை விஞ்சிய கருவி இல்லை. பெரியவரின் வாளியே சாட்சி.

இன்னொரு வாதம் எங்கள் குழுவிலேயே எழுந்தது. தாமல் போன்ற ஊர்களில் கால்வாய் ஓடுவது ஆண்டில் சில வாரங்கள். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. அதற்காகத் தனியாக ஒரு கோலா? நியாயமான கேள்வி. எங்கள் விடை: அந்தச் சில வாரங்களுக்காகவே அந்தக் கோல் வேண்டும். பெரிய கோல் வைத்திருப்பவன் பெரிய நீரைத் தேடிப் போகிறான். ஊர்க்கால்வாய் அவன் கண்ணில் படுவதில்லை. கண்ணில் படாத கால்வாயில் குப்பை கொட்டினால் கேட்பாரில்லை, மேடிட்டுப் போனாலும் கேட்பாரில்லை. சிறிய கோல் வைத்திருப்பவன் ஐப்பசி பிறந்ததிலிருந்து கலங்கல் வழிகிறதா என்று விசாரிக்கிறான். எந்த மடுவில் நீர் நிற்கிறது, எங்கே கரை உடைந்திருக்கிறது என்று அறிகிறான். ஏரி வாரியத்தார் செய்த வேலையில் ஒரு சிறு பங்கு அது.

அந்த உரிமையோடு சில கடமைகளும் சேர்ந்தே வருகின்றன. மீன்பிடி குத்தகைக்கு விடப்பட்ட ஏரியில் குத்தகைதாரரிடம் கேட்காமல் தூண்டில் போடக்கூடாது. அது அவருடைய பிழைப்பு. முதல் வெள்ளத்தில் மீன்கள் முட்டையிடக் கால்வாயில் ஏறும் நாட்களில் கோலை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும். எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால், பிடித்த சிறுமீனைக் காயமின்றித் திரும்ப விடலாம். உணவுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்வதில் எங்களுக்கு மறுப்பில்லை. படத்துக்காகக் கொல்வதில் மறுப்பு உண்டு.

அடுத்த மழைக்காலத்தில், கடன் வாங்கிய ஆறரை அடிக் கண்ணாடியிழைக் கோலோடு மறுபடியும் தாமலுக்குச் சென்றோம். அதே கருவேலம், அதே கோரை. இரண்டு மணி நேரத்தில் நான்கு கெண்டைகள். எதுவும் விரல் நீளத்தைப் பெரிதாகத் தாண்டவில்லை. நான்கையும் நீரில் விட்டோம். பெரியவர் தம் வழக்கமான இடத்தில்தான் இருந்தார். கோலை வாங்கி வளைத்துப் பார்த்துவிட்டு, "இது பரவால்ல, வளையுது" என்றார். பிறகு எங்கள் வெறுங்கையைப் பார்த்து, மீனை விட்டுவிட்டோம் என்று அறிந்ததும், அதுவரை எங்களைப் பற்றி அவர் கொண்டிருந்த சிறிதளவு மதிப்பும் போய்விட்டது. தம் வாளியிலிருந்து ஆறு கெண்டைகளை எடுத்து ஒரு பையில் போட்டுக் கொடுத்தார். மறுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அன்றிரவு குழம்பு நன்றாக இருந்தது.