தளம் மாறலாம், தடம் அழியலாமா?

ஒரு ராணுவத் தளம் மூடப்படும்போது முதலில் எழும் கேள்வி, "எத்தனை பேருக்கு வேலை போகும்?" என்பதே. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை மீட்டுக்கொள்வதாக அறிவித்தபோது சிங்கப்பூர் கேட்டதும் அதுதான். நாட்டு வருமானத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு படைத்தளங்களை நம்பியிருந்த காலம் அது. அதே ஆண்டு டிசம்பரில் செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை நம் அரசின் கைக்கு வந்தது. போர்க்கப்பல்களைப் பழுதுபார்த்த கைகள் வணிகக் கப்பல்களைப் பழுதுபார்த்தன. பொருளாதாரம் பிழைத்தது.

ஆனால், தளம் என்பது வேலையிடம் மட்டும்தானா? தமிழரும் மலையாளிகளும் குடும்பத்தோடு வாழ்ந்த குடியிருப்பும் அதுவே. தளத் தொழிலாளர் கென்பரா ரோட்டில் எழுப்பிய புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் பின்னர் ஈசூனுக்கு இடம்பெயர்ந்தது. பங்குனி உத்திரமும் உடன் சென்றது. கோயிலுக்கு மாற்று இடம் கிடைத்தது. அண்டை அயலாரின் உறவுக்கு மாற்று இடம் ஏது?

இன்று அந்தக் கப்பல் பட்டறை நிலமும் மாறவிருக்கிறது. அங்குப் புதிய கரையோர வட்டாரம் அமையும் என்று 2025 தேசிய தினப் பேரணி உரையில் அறிவிக்கப்பட்டது. மாற்றம் வேண்டாம் என்பது நம் வாதமன்று. வீடும் வேண்டும், வேலையும் வேண்டும். ஆனால், திட்ட வரைபடம் தயாராகும் முன்பே அங்கு வாழ்ந்தோரின் நினைவுகள் பதிவாக வேண்டும். தளத்தில் உழைத்தவர்களில் எஞ்சியிருப்போர் இன்று முதியவர்கள்.

மாணவ நண்பர்களே, இந்த விடுமுறையில் அவர்களில் ஒருவரையாவது தேடிச் சென்று கேட்போம். கேட்டதைத் தமிழில் எழுதி வைப்போம்.