இராவணன் நம் பாட்டனா?

தசரா வந்தால் டில்லி மைதானங்களில் பத்துத் தலைப் பொம்மை எரிகிறது. "உங்கள் ஆள் எரிகிறான் பார்" என்று நம் பிள்ளைகளைச் சீண்டுகிறார்கள். உடனே நம்மவர் சிலர் மார்தட்டுகிறார்கள்: "ஆம், இராவணன் எங்கள் பாட்டன்!"

வால்மீகி சொல்லும் குலமுறை என்ன? பிரமன் மகன் புலத்தியன், அவன் மகன் விசிரவசு, அவன் மகன் இராவணன். இதில் தமிழன் எங்கே வந்தான்? 1974 டிசம்பர் 25 அன்று சென்னை பெரியார் திடலில் மணியம்மையார் இராவண லீலா நடத்தினாரே, அது பிரதமரே போய் உட்காரும் டில்லி இராம லீலாவுக்குக் கொடுத்த சூடு. பாட்டன் தேடிய வேலையன்று!

எதிராளியின் கதையும் இதே சரக்குதான். வடக்கிலிருந்து வந்த அகத்தியர் தமிழைத் தந்தாராம், சமஸ்கிருதம் தமிழுக்குத் தாயாம்! தென்மொழிகள் தனிக்குடும்பம் என்று 1816-இல் எல்லிசும் 1856-இல் கால்டுவெல்லும் சொற்களையும் இலக்கணத்தையும் வைத்தே காட்டினார்கள். மதுரைக்கு அருகே மாங்குளம் பாறையில் ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய தமிழ் எழுத்து இருக்கிறது. நமக்கு எதற்குப் பத்துத் தலை?

பாட்டனுக்காக வாய் கிழியப் பேசும் வீட்டுப் பையன் ஊருக்குப் போனால் பஸ் பலகையைப் படிக்கத் தெரியாமல் விழிக்கிறான். சங்கத்தின் ஞாயிறு தமிழ் வகுப்பில் பாதிப் பாய் காலியாகக் கிடக்கிறது. இந்த வாரமே அனுப்புங்கள், பெண் பிள்ளைகளையும் சேர்த்து.